61 வயசு நாயகி, கோத்தகிரி, காதல் நகைச்சுவை: ஆறு அத்தியாயம் ஆச்சு, சிரிப்பு மட்டும் வரல

கோத்தகிரி குளிர் கேட்டது:

வணக்கம். ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுதிட்டிருக்கேன். நாயகிக்கு 61 வயசு. அரசுப் பள்ளியில கணக்கு டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவங்க. கணவர் மின்வாரியத்துல இருந்தவர், வேலையில இருக்கும்போதே தவறிட்டார். மகள் சென்னையில, மகன் கோவையில. நாயகனுக்கு 63. ஊட்டி இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கினவர். கோத்தகிரியில நாயகிக்கு அடுத்த வீட்டுக்குக் குடி வர்றார்.

மொத்தம் 30 அத்தியாயம், ஒவ்வொண்ணும் 1,500 வார்த்தை, வாரம் இரண்டு பதிவுன்னு ஆன்லைன்ல போடத் திட்டம். இதுவரைக்கும் எழுதினது: 1. காலையில கணவர் படத்துக்கு மாலை, ஜன்னல்ல மூடுபனி. 2. மகள் போன். 3. நாயகன் குடி வர்றார். 4. மெனோபாஸ் சூட்டுல நாயகி மார்கழிக் குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டற காமெடி. 5. பொம்மை ரயில் பயணம். 6. பழைய நினைவுகள்.

படிச்ச மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி சொல்றாங்க, "நல்லா இருக்கு, அழுகையா வருது"ன்னு. நான் அழ வைக்க எழுதலையே! இந்த மாதிரிக் கதையை வாசகர்கள் எதுக்குத் தேடி வர்றாங்க? 22 வயசு நாயகிகிட்ட இல்லாத எது இவங்ககிட்ட இருக்கு? எங்க சறுக்குது? ஊரை எப்படிப் பயன்படுத்தலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பச்சைமசி:

சறுக்கல் உங்கள் வரிசையிலேயே தெரிகிறது. மாலை போட்ட படத்தில் தொடங்குகிறீர்கள், ஆறில் மறுபடியும் அவரிடமே போகிறீர்கள். நாயகன் வருவதற்குள் 3,000 வார்த்தை ஓடிவிட்டது. அதற்குள் வாசகர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பாயில் உட்கார்ந்துவிடுவார். பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல பகடி எழுதினாலும் அவர் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

எதற்குத் தேடி வருகிறார்கள்? இளம் நாயகி கதையில் "யாரைக் கட்டிக்கொள்வாள்" என்பது கேள்வி. கட்டிக்கொள்வாள் என்பது அட்டையிலேயே தெரியும். இங்கே கேள்வி "இவளுக்கு இது எதற்கு" என்பது. சொந்த வீடு, மாதம் பிறந்தால் பென்ஷன், தனக்குப் பிடித்த சூட்டில் காபி, டிவி ரிமோட் தன் கையில். காப்பாற்ற ஆள் வேண்டாம். இத்தனையும் வைத்திருக்கிறவள் ஒருத்தருக்காக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுகிறாள் என்றால் அது கலப்பில்லாத ஆசை. அதைப் பார்க்கத்தான் வாசகி வருகிறாள். இளம் நாயகிக்குக் கிடைக்கப்போவது பெரிது. இவளுக்குக் கைவிட்டுப் போகக்கூடியது பெரிது. வீட்டின் அமைதி, பிள்ளைகளிடம் இருக்கும் பெயர், "டீச்சர்" என்றால் கடைக்காரர் எழுந்து நிற்கிற மரியாதை. இவற்றை அவள் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாளோ அவ்வளவு சிரிப்பு.

"வயதான நாயகி" என்பதற்கு நிரந்தர அளவும் கிடையாது. ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் கடைசியாக முடித்த நாவல் 'பெர்சுவேஷன்', அவர் இறந்தபிறகு 1817 இறுதியில் வெளிவந்தது. அதன் நாயகிக்கு 27 வயது. 19-இல் பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக் கைவிட்ட காதல் எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிறது. நம் ஆன்லைன் தொடர்களில் 27 என்றால் சின்னப் பெண். அன்றைக்கு அது காலம் கடந்த வயது. சுற்றி இருக்கிறவர்கள் ஒருத்தியின் கதையை முடித்து மூட்டை கட்டிவிட்டார்கள், கதை மட்டும் முடியவில்லை. உங்கள் நாயகியை ஓட்டும் இயந்திரமும் அதேதான்.

இனி ரிப்பேர் வேலை.

கணவர் இறந்து குறைந்தது ஆறு வருஷம் ஆகியிருக்கட்டும். அவரை மூன்று துண்டாக நறுக்குங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி, தகவலாக. எட்டு அல்லது ஒன்பதில் சிரிப்பு வருகிற ஒரு நினைவு. மனுஷனுக்கு ஒரு குறை கட்டாயம் வேண்டும். மின்வாரியத்தில் இருந்துகொண்டு சொந்த வீட்டு ஃப்யூஸை மாற்றாதவர், மூன்று தடவை கேட்டால்தான் பதில் சொல்கிறவர், இப்படி எதாவது. தெய்வமாகிவிட்ட கணவரோடு எந்த நாயகனும் போட்டி போட முடியாது. உண்மையான துக்கம் 20-க்கு மேல், ஒரே காட்சி, அதிகம் போனால் 600 வார்த்தை. அதற்குள் வாசகர் நாற்பது தடவை சிரித்திருந்தால் அந்த 600 வார்த்தை வேலை செய்யும்.

இரண்டாவது, நாயகிக்குத் தேதி போட்ட ஒரு ஆசை வேண்டும். "தனிமை தீர வேண்டும்" என்பது ஆசை இல்லை, அது நிலைமை. மே மாத மலர்க்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி நடப்பது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு பரிசு வாங்கியே தீர வேண்டும், மூன்று வருஷமாகக் கிடைக்கவில்லை, இந்த வருஷம் விடப்போவதில்லை என்று வையுங்கள். நாயகன் குடிவந்த முதல் ராத்திரி கேட்டைத் திறந்து போட்டுவிடுகிறார். காலையில் காட்டுமாடு தோட்டத்துக்குள் நிற்கிறது. மோதல் கிடைத்துவிட்டது, ஊரும் உள்ளே வந்துவிட்டது, கெடுவும் இருக்கிறது. இதை முதல் 1,500 வார்த்தைக்குள் முடியுங்கள். உங்கள் இப்போதைய முதல் மூன்று அத்தியாயங்களிலிருந்து ஒரு பத்திகூட நகல் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, பிரிவு. 30 அத்தியாயம் என்றால் அது 22-இலிருந்து 24-க்குள் வரும். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடுகிற சந்தேகத்தால் பிரித்தால் இந்த வயதுக்குப் பொருந்தாது. 35 வருஷம் வகுப்பைக் கட்டி மேய்த்தவள் "யார் அந்தப் பொம்பளை" என்று நேராகவே கேட்டுவிடுவாள். பிரிவுக்கான காரணம் இரண்டு பேருமே நியாயமாக இருக்கிற காரணமாக இருக்கட்டும்.

கேத்தி கேரட்:

நாலாவது அத்தியாயத்தை எடுத்துடுங்க. நம்ம நாட்டுல மாதவிடாய் நிக்கிற வயசு சராசரியா 46, 47. சூடேறுற தொந்தரவு அப்புறமும் சில வருஷம் இழுக்கும், சிலருக்கு ரொம்பவே இழுக்கும். ஆனா 61 வயசு நாயகிக்கு அதையே பெரிய காமெடியா வச்சா, அதைக் கடந்து வந்த வாசகி "எழுதினவங்களுக்கு விவரம் பத்தல"ன்னு அங்கேயே மூடிடுவாங்க. காட்சி நல்ல காட்சிதான், மங்கி குல்லாய் போட்டு நடுங்குற கூட்டத்துல ஒருத்தி மட்டும் விசிறிக்கிட்டு நிக்கிறது. அதைத் தோழிக்குக் கொடுங்க. 49 வயசுல பேக்கரி நடத்துற தோழின்னா அடுப்புச் சூடும் சேர்ந்துக்கும்.

61-க்கு முழங்கால்தான் சரியான சரக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு ஏறுறதைவிட இறங்குறதுதான் வலி. நாயகனுக்கு நேர்மாறா வைங்க, இறங்குறது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபது படின்னா, இவங்க ஏறும்போது விறுவிறு, இறங்கும்போது ஒவ்வொரு படியா. அவருக்கு அப்படியே தலைகீழ். ஒண்ணா கிளம்பினா எந்தத் திசையிலயும் ஒண்ணா போய்ச் சேர முடியாது. யாராவது ஒருத்தர் நின்னாகணும். யார் நிக்கிறாங்கங்கிறதே காதல் கதை.

ஆனா ஒரு எச்சரிக்கை. உடம்பை வச்சுச் சிரிக்கலாம், சிரிக்கிறவங்க அவங்களா இருக்கணும். கதை சொல்றவர் குரல் கிழவியைப் பார்த்துச் சிரிச்சா போச்சு. "வாட்ஸ்அப் தெரியாத அம்மா" ஜோக்கும் பழசு. 2025-ல 61-ன்னா 1964-ல பிறந்தவங்க. பள்ளிக்கூடத்துல மாணவர் விவரம் பூராத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினதே இவங்க தலைமுறைதான். மகள் அனுப்புற ஃபார்வர்டுல எது பொய்னு மகளுக்குச் சொல்லித் தர்றவங்களா வைங்க.

வயசுக் கணக்கை ஒரு தாள்ல எழுதி எதிர்ல ஒட்டி வச்சுக்கங்க. 1964 பிறப்பு, தமிழ்நாட்டுல பிளஸ் டூ முறை 1978-ல வந்தது, அப்போ இவங்க அதுல மூத்த செட்டுகள்ல ஒண்ணு. 1988 வாக்குல கல்யாணம்னா மகளுக்கு இப்போ 35, 36. பேத்தி பள்ளிக்கூடம் போகலாம். மகள் கல்லூரியில படிக்கிறான்னு எங்கேயாவது எழுதியிருந்தீங்கன்னா திருத்துங்க. பேரும் அந்தக் காலத்துப் பேரா இருக்கணும். சாந்தி, மல்லிகா, விஜயா, கலைச்செல்வி. யாழினி, ஆதிரான்னு வச்சா அட்டையை மூடிட்டுக்கூட வயசு ஒட்டாது.

கட்டபெட்டு:

எனக்குக் கதை எழுத வராது, ஊர் விஷயம் மட்டும் சொல்றேன்.

ரயில். கோத்தகிரிக்கு ரயில் கிடையாது, பக்கத்து ஸ்டேஷன்னா குன்னூர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுற வண்டி காலை 7.10-க்கு. 46 கிலோமீட்டருக்குச் சுமார் அஞ்சு மணி நேரம். உள்ளூர்க்காரங்க யாரும் இதுல ஏற மாட்டாங்க, பஸ்ஸுதான். அஞ்சாவது அத்தியாயத்துல ரெண்டு பேரும் காரணமே இல்லாம ரயில்ல போறாங்கன்னா அது டூரிஸ்ட் எழுதின கதை.

ஆனா அதையே திருப்பிப் போடலாம். சீசன்ல உள்ளூர் ஆளுங்க எட்டிப் பார்க்காத இடம் எது? பொம்மை ரயில், ஊட்டி போட் ஹவுஸ், தொட்டபெட்டா. கோத்தகிரி மார்க்கெட்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டைக்கோஸ் வாங்கினா சாயங்காலத்துக்குள்ள கோவையில இருக்கிற மகனுக்குத் தெரியும். போட் ஹவுஸ்ல ஆயிரம் பேருக்கு நடுவுல உட்கார்ந்திருந்தா ஒரு பயலுக்கும் தெரியாது. மலையிலயே பொறந்து வளர்ந்தவங்க மறைஞ்சு பேசறதுக்காக டூரிஸ்ட் வேஷம் போட்டு, தொப்பியும் கூலிங் கிளாஸுமா, சொந்த ஊர்ல டிக்கெட் எடுத்து வரிசையில நிக்கிறாங்க. அங்க மாட்டிக்கணும்னா நாயகியோட பழைய மாணவன் ஒருத்தன் போட்டிங் டிக்கெட் கொடுக்கிற இடத்துல இருந்தா போதும். "குட்மார்னிங் டீச்சர்!"

ரயில் வச்சே ஆகணும்னா குன்னூர்–ஊட்டி எடுத்துக்கங்க, 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சொச்சம். ஒரு சண்டை, ஒரு சமாதானத்துக்குச் சரியான நீளம். பல் சக்கரப் பாதை கல்லாறுலருந்து குன்னூர் வரைக்கும்தான், அதுல என்ஜின் பின்னாடி இருந்து தள்ளும். குன்னூர்லருந்து ஊட்டிக்கு டீசல் என்ஜின். நீராவி, புகை, கரின்னு அங்க எழுதிடாதீங்க.

மழை. ஜூலையில கோத்தகிரி பத்து நாள் மழையில மூழ்கினதா எழுதினா சிரிப்பாங்க (நீங்க கேட்ட சிரிப்பு அது இல்லை). தென்மேற்கு மழை கூடலூர், ஊட்டிப் பக்கம்தான் அடிக்கும். நம்ம பக்கமும் குன்னூர்ப் பக்கமும் பெரிய மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. மண்ணு சரிஞ்சு குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டா அத்தனை வண்டியும் கோத்தகிரி ரோட்டுக்கு வந்துரும். "சாலை துண்டிப்பு, இருவரும் ஒரே வீட்டில்"ங்கிற காட்சி வேணும்னா நவம்பர்ல வைங்க. ஆனா உங்க கெடு மே மாசம். அப்ப கதை அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு மேல முடியணும், ஏழு மாசம். தோட்டத்துக்கும் அது சரியான கணக்குதான். ரோஜாவைக் கவாத்து பண்ணி, உரம் வச்சு, பூ மே மாசத்துக்கு வரணும்னா இடையில பனி, காட்டுமாடு, நாயகன்னு எல்லாத்தையும் தாண்டணும்.

இ-பாஸ். 2024 மே 7-லருந்து வெளியூர் வண்டிங்க நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் எடுக்கணும், நீலகிரியில பதிவான நம்ம டி.என். 43 வண்டிக்கு வேண்டாம். மகன் கோவை வண்டியில திடீர்னு வந்து நின்னான்னு எழுத முடியாது. பாஸ் எடுத்த பையன் பெருமையா அம்மாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புறான். அடுத்த வீட்டுச் செருப்பை வாசல்லருந்து எடுத்து வைக்க அம்மாவுக்கு ஒரு ராத்திரி அவகாசம். சீசன்ல போக்குவரத்தை ஒரு வழியாக்குவாங்க, ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது கோத்தகிரி வழி. கோவையிலருந்து வர்றவன் குன்னூரைச் சுத்திட்டு வரணும். அங்க நெரிசல்ல நிக்கிற நேரத்தையும் கணக்குல சேர்த்துக்கங்க.

காட்டுமாடு செடியை மேயும், மேயலைன்னாலும் மிதிச்சே முடிச்சிரும். விரட்டப் போகக் கூடாது. கரடி வேற ரகம், எண்ணெய் வாசனைக்கு வரும். கோயில் விளக்கு எண்ணெய், பேக்கரி, சமையல்கட்டு. நாயகன் முதல் தடவை வடை சுடற அன்னிக்குக் கரடி வரலாம், தப்பில்லை.

இன்னொண்ணு. ஃபிலிம் ஃபேக்டரி ஆளை வச்சிருக்கீங்க, அதை வீணாக்கிட்டீங்க. ஃபிலிம்ல வெளிச்சம் படக் கூடாதுன்னு அங்க பல பிரிவுல இருட்டுலயே வேலை. அப்படி வேலை பார்த்தவருக்குக் கரண்ட் போனா கால் இடறாது, கை தானா சாமானைத் தேடி எடுத்துரும். நம்ம ஊர்ல காத்தடிச்சா கரண்ட் போகும். மின்வாரியக்காரர் பொண்டாட்டி மெழுகுவத்தி தேடித் தடுமாறுறாங்க, பக்கத்து வீட்டுக்காரர் இருட்டுல நேரா வந்து தீப்பெட்டியைக் கையில வைக்கிறார். இதைவிட நாயகனுக்கு என்னங்க வேணும்?

கோத்தகிரி குளிர்:

மின்வாரியமும் இருட்டும்! இது எனக்குத் தோணவே இல்லை. நன்றி. நாயகியைப் படகர் சமூகத்தவங்களா வைக்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு. விதவை மறுமணத்துக்கு ஊர் எதிர்ப்புன்னு பிரிவை அங்க கொண்டு வரலாம்னு.

கட்டபெட்டு:

அங்கதான் உதைக்கும். படகர்ல கைம்பெண் மறுமணம் பழைய காலத்துலருந்தே விலக்கு இல்லை. அதையே பெரிய அதிர்ச்சியா எழுதினா உள்ள இருக்கிறவங்களுக்கு வேடிக்கையா இருக்கும். எந்த ஹட்டியில (படகர் ஊர்ல) பொண்ணு எடுக்கலாம், எங்க எடுக்கக் கூடாது, யார் பங்காளி முறைங்கிறதுதான் அங்க முதல் கேள்வி. அது தெரியாம வேற ஹட்டிக்காரர்னு நீங்க ஒருத்தரை வச்சு, அவர் அண்ணன் தம்பி முறையாப் போயிட்டா கதையே காலி. முறை சொல்லித் தர ஆள் கிடைச்சா எழுதுங்க, இல்லைன்னா சமவெளியிலருந்து வேலைக்கு வந்து தங்கிட்ட குடும்பமாவே இருக்கட்டும்.

கருவூலம்:

பிரிவுக்கான காரணம் கையிலேயே இருக்கிறது, அதைத் தேடி எங்கும் போக வேண்டாம்.

உங்கள் நாயகிக்கு இரண்டு ஓய்வூதியம். ஒன்று அவர் ஆசிரியராக உழைத்துப் பெற்றது. அது அவர் ஆயுள் வரை வரும், மறுமணம் செய்தாலும் நிற்காது. 1990 வாக்கில் பணியில் சேர்ந்தவர் என்றால் 2003 ஏப்ரலுக்கு முந்தைய பழைய ஓய்வூதியத் திட்டம்தான். இன்னொன்று கணவர் வழியில் வரும் குடும்ப ஓய்வூதியம். விதிப்படி அது மனைவி இறக்கும் வரை அல்லது மறுமணம் செய்யும் வரை, இரண்டில் எது முந்தியோ அதுவரை. மறுமணம் ஆகவில்லை என்று உறுதிமொழி தரும் வழக்கமும் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை உயிர்ச்சான்று, நேர்காணல் என்று அலுவலகத்துக்குப் போகிற நாளை ஒரு அத்தியாயமாக்குங்கள். உள்ளே நாயகி மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று கையெழுத்துப் போடுகிறார். வெளியே நாயகன் அவர் குடையையும் பையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எழுத்தர் ஜன்னல் வழியே பார்க்கிறார்.

இதில் எழுதுகிறவர்கள் செய்யும் தவறு, பணம் போனால் நாயகி பட்டினி என்று காட்டுவது. சொந்த ஓய்வூதியம் இருக்கும்போது அது எடுபடாது. போவது தொகையைவிடப் பெரியது. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வரும் அந்தக் குறுஞ்செய்தி கணவர் இன்னும் சம்பாதித்துப் போடுவது போன்ற ஒன்று. அதை நிறுத்தச் சொல்லித் தன் கையால் விண்ணப்பம் எழுத வேண்டும். பச்சைமசி சொன்ன 600 வார்த்தை துக்கம் இங்கே உட்காரும்.

திருமண முறையிலும் நகைச்சுவை இருக்கிறது. இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் நம் மாநிலத்தில் செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு 1967-இல் சேர்க்கப்பட்டது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. பிறகு 90 நாளுக்குள் பதிவு. கதைக்கு இது வெகு வேகம். இருவரும் வெவ்வேறு மதம் என்றால் 1954-ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம். அறிவிப்புக் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளாவது இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்த அறிவிப்பைத் திருமண அலுவலர் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார். 30 நாள் ஆட்சேபணைக்கான காலம். சாட்சி மூன்று பேர். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ரகசியமாக இருக்க விரும்பும் இருவர், பத்திரப் பதிவுக்கு வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும்படி, ஒரு மாதம் சுவரில் தொங்குகிறார்கள். நாயகனை கிறிஸ்தவராக மாற்றினால் உங்கள் 25-லிருந்து 29 வரை அத்தியாயங்கள் தாமாக எழுதிக்கொள்ளும்.

பூம்பாறை பூண்டு:

கருவூலம் சொன்னதுல ஒரு பிடி இருக்கு. கல்யாணத்துலதான் முடியணும்னு என்ன? பென்ஷன் நிக்கக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வேலியை மட்டும் எடுத்துட்டு அப்படியே இருந்துட்டாங்கன்னு முடிக்கலாம்ல? இந்த வயசுக் கதைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. வாசகர் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும், சிரிச்சிட்டு இருக்கணும். ஒருத்தரைச் சாகடிச்சீங்கன்னா அது வேற வகைக் கதை, கமெண்ட்ல கிழிச்சிருவாங்க.

அட்டைக்கு 25 வயசுப் பொண்ணு படத்தைப் போட்டுறாதீங்க. ஆன்லைன்ல கிடைக்கிற ரெடிமேட் படம் அத்தனையும் அப்படித்தான் இருக்கு. முகமே வேண்டாம். ரெண்டு ஜோடிச் செருப்பு, ஒரு திறந்த கேட், போதும். கதைச் சுருக்கத்துல முதல் ரெண்டு வரிக்குள்ள 61-ங்கிற எண் வந்துரணும். ஒளிச்சு வச்சு மூணாவது பதிவுல சொன்னா இளவட்டக் கதைன்னு நினைச்சு வந்தவங்க ஏமாந்து போவாங்க, இதையே தேடுறவங்க கண்ணுலயும் படாது. ஒவ்வொரு பதிவும் முடியுற இடத்துல யாரோ கதவைத் தட்டணும்னு இல்ல. நாயகி வாயில வந்த பதிலை முழுங்கிட்டுப் போற இடத்துல நிறுத்துனாலும் அடுத்த பதிவுக்கு ஆள் வரும்.

எங்க ஊருக்குக் கதையை மாத்திக்கிட்டாலும் சந்தோஷம்தான். 1901-லருந்து சூரியனைப் பார்த்துக்கிட்டே இருக்கிற ஆய்வகம் கொடைக்கானல்ல இருக்கு. மேகமில்லாத காலைக்காகவே காத்துக்கிட்டு இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் நாயகனா இருந்தா, மூடுபனி எழுதுறதுக்குக் காரணமாவது இருக்கும்.

கேத்தி கேரட்:

ஒரு விஷயத்தை யாரும் தொடலை. இவங்க அவரை எப்படிக் கூப்பிடுறாங்க?

நம்ம ஊர்ல 61 வயசு அம்மா அடுத்த வீட்டுக்கு வந்த ஆம்பளையைப் பார்த்ததும் வாயில வர்ற முதல் வார்த்தை "அண்ணா". யோசிக்காமலே வரும், அதுதான் பாதுகாப்பு. கேட்டைத் திறந்து போட்டதுக்குத் திட்டும்போதே "என்னங்கண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னுதான் திட்டுவாங்க. இதைவிடப் பெரிய தடை தமிழ்ல காதல் கதைக்குக் கிடையாது. அதை எடுக்கிறதுக்கே பத்து அத்தியாயம் வேணும். முதல்ல "அண்ணா", அப்புறம் ஒரு நாள் அது வாயில வராம "சார்". அவருக்கு சுருக்குன்னு இருக்கும், கோவமோன்னு நினைப்பார். தூரமாப் போனாங்கன்னு அவர் நினைக்கிற இடத்துல இவங்க கிட்ட வந்துட்டாங்க, வாசகருக்கு மட்டும் தெரியும். அப்புறம் ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடாத கட்டம். பேரில்லாம, உறவில்லாம, "இங்க பாருங்க", "கொஞ்சம் வந்துட்டுப் போங்க", பாத்திரத்தைத் தட்டுறது, இருமுறது. இந்தக் கட்டத்துக்கு நாலு அத்தியாயம் கொடுக்கலாம், அவ்வளவு சரக்கு இருக்கு. மகன் கவனிக்கிறதும் இதைத்தான். "அம்மா, நீ ஏன் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிற?"

அவர் பக்கமும் அப்படித்தான். ஊரே "டீச்சர்"னு கூப்பிடுது, அவரும் "டீச்சர்"தான். அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு? அவர் பேரைச் சொல்ற அன்னிக்கு அந்த அத்தியாயத்துல வேற எதுவும் நடக்க வேண்டாம். ஆனா "நீங்க"வை "நீ" ஆக்கிடாதீங்க. கடைசி வரைக்கும் "நீங்க"தான், சண்டையில ஒரே ஒரு தடவை "நீ" வந்து ரெண்டு பேரும் திடுக்கிட்டு நிக்கலாம்.

பச்சைமசி:

இதை எழுதிவிட்டால் என் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போடலாம். ஒரே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: "அண்ணா" வரும் ஒவ்வொரு இடத்தையும் கம்ப்யூட்டரில் தேடி எண்ணுங்கள். அது நிற்கப்போவது வாசகருக்குத் தெரிய வேண்டுமென்றால், நிற்பதற்கு முன்னால் காதில் விழுந்து விழுந்து சலித்திருக்க வேண்டும். அத்தியாயத்துக்கு ஆறு ஏழு தடவையாவது.

கோத்தகிரி குளிர்:

தேடிப் பார்த்தேன். இருக்கிற ஆறு அத்தியாயத்துல "அண்ணா" மொத்தம் இரண்டே தடவை, அதுவும் பால்காரரை. நாயகனை முதல் நாள்லருந்தே "சார்"னுதான் கூப்பிட வச்சிருக்கேன். எல்லாத்தையும் முதல்லருந்து எழுதறேன். கேட், காட்டுமாடு, "என்னங்கண்ணா"ல ஆரம்பம். அண்ணா எந்த அத்தியாயத்துல நிக்கணும்? ஒன்பதா, பன்னிரண்டா?

கேத்தி கேரட்:

கரண்ட் போற ராத்திரி எதுவோ, அதுல. தீப்பெட்டியைக் கையில வாங்கினதும் "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு அதோட நிறுத்திடுவாங்க.

கட்டபெட்டு:

அப்ப அது நவம்பர். பதினொண்ணாவது அத்தியாயத்துக்கு மேல தள்ளாதீங்க, மழை முடிஞ்சுரும்.